கறுப்பு போன், சிவப்பு போன்

ஜூன் 18, புதன்

கூரியர்காரர் ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே இரண்டு செல்போன். கறுப்பு என் மகன் குற்றாலிங்கம் வைத்திருந்தது. சிவப்பு என் பேத்தி ஆதிரையுடையது. சிவப்பு என்று அவள்தான் சொல்கிறாள், எனக்குப் பழுப்பாகத்தான் தெரிகிறது. பழசானால் சாயம் போகத்தானே செய்யும்.

ஆதிரை கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிக் கம்ப்யூட்டர் படிக்கிறாள். எங்கள் வம்சத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண். ஐந்தாம் வகுப்போடு என்னை நிறுத்தியபோது நான் அழுத அழுகைக்கு இவள் ஒருத்தி போதும்.

சாயங்காலம் கூப்பிட்டாள்.

"ஆச்சி, ரெண்டையும் மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க. எதுல என்ன நல்லாருக்கு, எதுல என்ன தொந்தரவுன்னு ஒரு நோட்டுல எழுதுங்க. பிடிச்சதை நீங்க வச்சுக்கோங்க. இன்னொண்ணு சுரண்டை ஆச்சிக்கு."

சுரண்டை ஆச்சி என்றால் என் சம்பந்தியம்மாள்.

"நல்லதை நான் எடுத்துக்கிட்டேன்னு சுரண்டை பூரா சொல்லுவாளே!"

"கெட்டதை எடுத்தாலும் சொல்லுவாங்க. நீங்க நல்லதையே எடுங்க."

வாய் அப்படியே என் மாமியார் வாய்.

போன் வந்தது விளையாட்டுக்கு இல்லை. தை மாதம் இவருக்கு, என் வீட்டுக்காரருக்கு, பக்கவாதம் வந்து வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயிற்று. குற்றாலிங்கம் அப்போதே சொல்லிவிட்டான். "எம்மா, தினம் காலையில சுகர் பாத்து, அந்த நம்பரைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பணும். மாத்திரை தப்பக் கூடாது. ஒன்னால முடியலன்னா வீட்டைப் பூட்டிட்டு ரெண்டு பேரும் சென்னைக்கு வந்துரணும். பெறவு பேச்சே கிடையாது." இத்தனை நாள் பக்கத்து வீட்டுச் செண்பகம் போனில் அனுப்பினோம். அவள் பொழுது விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு ஓடி வர வேண்டியிருந்தது.

சென்னையில் அவன் வீடு ஆறாவது மாடி. இவர் அங்கே போய் எதைப் பார்த்துக்கொண்டு உட்காருவார்?

ஜூன் 19, வியாழன்

முதலில் கறுப்பு.

கனம். கையில் பிடித்தால் சின்ன அம்மிக்குழவி மாதிரி இருக்கிறது. சார்ஜ் காலையில் போட்டால் மறுநாள் வரை நிற்கிறது. சத்தம் கணீர் என்று கேட்கிறது. விரலை வைத்தால் திறக்கும் என்றாள் ஆதிரை. என் விரலுக்குத் திறக்கவில்லை. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை போய்விட்டதோ என்னவோ.

ஒரு குறை. கண்ணாடிக்குள் புகை மூட்டம் மாதிரி இருக்கிறது. பேத்தி முகம் வெந்நீர் ஆவிக்குப் பின்னால் தெரிகிற மாதிரி தெரிகிறது. ஒரு வாரமாக அம்பாசமுத்திரத்தில் சாரல். ஈரம் உள்ளே இறங்கியிருக்கும். வெயில் வந்ததும் காய வைக்க வேண்டும்.

அவருக்குக் கஞ்சி, குளிப்பாட்டல், முதுகில் பவுடர், துணி துவையல். இடுப்பு விட்டுப்போகிறது.

ஜூன் 20, வெள்ளி

சிவப்பு.

கைக்கு அடக்கம். படம் நன்றாக எடுக்கும் என்று சொன்னாள். ஆனால் சீக்கிரம் சூடாகிறது. சார்ஜ் வயர் செருகுகிற குழி இளகிப் போயிருக்கிறது. வயரின் மேல் வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கி வைத்தால்தான் ஏறுகிறது. எழுத்தைப் பெரிதாக்கித்தான் அனுப்பியிருக்கிறாள், அது வசதி.

இதிலும் கொஞ்சம் மூட்டம் இருக்கிறது. கறுப்பு அளவுக்கு இல்லை.

காலையில் சுகர் நம்பரைப் படம் எடுத்து அனுப்பினேன். குற்றாலிங்கம் கூப்பிட்டான்.

"எம்மா, பாதி நம்பர்தான் வந்திருக்கு. மிச்சம் ஒன் கட்டைவிரலு."

"உன் மகள் போன்ல கேமரா ஓரத்துல இருக்குல. நான் என்ன செய்ய?"

வாயால் நம்பரைச் சொன்னேன். கட்டிலில் இருந்தபடி இவர் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ உறுமினார். மிஷினை வாங்கிப் பார்த்துவிட்டு மூன்று விரலைக் காட்டினார். நான் எட்டு என்று சொன்ன இடத்தில் மூன்றாம். மிஷினிலும் எழுத்து சரியாக விழவில்லை. எல்லாம் சீனாச் சரக்கு.

ஜூன் 22, ஞாயிறு

மாத்திரையை அட்டையில் வைத்துக்கொண்டு தினம் பிதுக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. வாங்கி வந்ததும் மொத்தமாகப் பிதுக்கி டப்பாவில் போட்டுவிடுவேன். காலை மாத்திரை பெருங்காய டப்பாவில், ராத்திரி மாத்திரை பவுடர் டப்பாவில். காலையது வெள்ளை, ராத்திரியது இளமஞ்சள். அளவு இரண்டும் ஒன்றுதான்.

இன்றைக்கு அலமாரியைத் துடைக்கும்போது கை தட்டி இரண்டு டப்பாவும் கவிழ்ந்து தரையெல்லாம் உருண்டது. உட்கார்ந்து பொறுக்கி, மஞ்சளை மஞ்சளோடும் வெள்ளையை வெள்ளையோடும் போட்டேன். முழங்கால் ரெண்டும் போச்சு.

போனைப் பற்றி எழுத நேரமில்லை.

ஜூன் 25, புதன்

வெயில் வந்தது. இரண்டு போனையும் முறத்தில் வைத்துச் சிறிது நேரம் காயப் போட்டேன். சிவப்பு தோசைக்கல்லாய்ச் சுட்டது. மூட்டம் போகவில்லை.

குத்துவிளக்கைத் துலக்குகிற மாதிரி விபூதி போட்டுத் துணியால் தேய்த்தேன். அப்படியும் போகவில்லை.

இவர் குணம் மாறி வருகிறது. மாத்திரையைத் தட்டில் வைத்துக் கொடுத்தால் வாயில் போடுவதில்லை. இடது கை விரலால் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறார். பிறகு டப்பாவைக் காட்டி, "இ… இன்…" என்கிறார். இன்னொன்று எடுத்துக் கொடுத்தால்தான் விழுங்குகிறார். அரசு பஸ் ஓட்டியவருக்கு இப்போது எல்லாவற்றிலும் அதிகாரம்.

"பச்சப்புள்ளையா நீங்க? கொடுத்ததைத் தின்னுங்களேன்."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

செண்பகம் தண்ணீர் பிடிக்க வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"என்ன மதினி, கோலத்துல இழை ஒண்ணு சேராம அந்தரத்துல நிக்கி? ஒங்க கோலத்தைப் பாத்துத்தான நாங்க படிச்சோம்."

"காத்து அடிச்சுப் பொடியைக் கலைச்சுட்டு."

"எந்தக் காத்து? இலை அசையக் காணும்."

"நீ வாரதுக்கு முந்தி அடிச்சுது. ஒங்கிட்ட கேட்டுட்டா அடிக்கும்?"

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். மத்தியானம் சோற்றில் கல் என்று இவர் துப்பினார். ரேஷன் அரிசி.

ஜூன் 28, சனி

மத்தியானம் கொஞ்சம் தலை சாய்த்தேன். வலது கன்னம் தலையணையில் புதைய, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு கறுப்பைப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைத் துணியைப் போர்த்திய மாதிரி இருந்தது. போன் போயேபோச்சு என்று பதறிவிட்டேன். இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தால் சரியாகிவிட்டது. சிவப்பை வைத்தும் பார்த்தேன். அதுவும் சுவர்ப் பக்கம் படுத்தால் மங்குகிறது, வாசல் பக்கம் படுத்தால் தெளிகிறது.

சுவர்ப் பக்கம் டவர் கிடைக்காது போல. ஆதிரையிடம் சொன்னேன்.

"ஆச்சி, டவருக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லையே."

"நீ படிச்சது புது போனுக்கா இருக்கும். இது பழைய போன்லா."

ரெண்டு போனும் ஒரே மாதிரியா மங்குது என்று திரும்பக் கேட்டாள். பிறகு, "கடைக்காரர்கிட்ட ஒருதடவ காட்டுங்க ஆச்சி," என்றாள்.

இந்த நோட்டு சரியில்லை. கோடு போட்டது தெரியவே இல்லை. வரி மேலே ஏறுகிறது. அடுத்த தடவை வேறு கடையில் வாங்க வேண்டும்.

ஜூலை 1, செவ்வாய்

செண்பகத்தை இவருக்குக் காவல் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கிற பீர் முகமது செல்போன் கடைக்குப் போனேன். வழியில் ஒரு படி இருந்தது முன்னால் தெரியவில்லை. விழவில்லை. செருப்பு வார்தான் அறுந்தது.

பீர் முகமதுக்கு நாற்பது வயதிருக்கும். அவன் அப்பா இவரோடு ஒரே டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். கறுப்பைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"என்னாச்சி, போனுக்குப் பட்டை போட்டிருக்கிய?"

"மூட்டம் போகணும்னு விபூதி போட்டுத் தேச்சேன்."

"நல்லவேளை, புளி போடல."

மேலே ஒட்டியிருந்த கண்ணாடியை உரித்துப் போட்டுப் புதிதாக ஒட்டினான். இரண்டுக்கும் ஒட்டினான். துடைத்து என் கையில் கொடுத்தான்.

"இப்பப் பாருங்க, கிளியர்."

பார்த்தேன். அதே மூட்டம்.

"போகலயே."

"எனக்குப் பளிச்சுனு தெரியுதே."

"அப்ப ஒனக்குக் கண்ணுல கோளாறு."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். பீர் முகமது சிரிக்கவில்லை. என் முகத்துக்கு நேராகக் குனிந்து பார்த்தான். "ஆச்சி, நடந்தா வந்திய? ஆட்டோவுல ஏத்தி விடுதேன்," என்றான்.

"எதுக்கு? எனக்கென்ன கால் இல்லையா?"

நடந்தே வந்தேன்.

ஜூலை 3, வியாழன்

இன்றைக்கு இரண்டு போனையும் தொடவில்லை. சுகர் நம்பரைச் செண்பகம் படம் எடுத்து அனுப்பினாள். சமையல், துவையல். சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். இவர் தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார்.

ஜூலை 5, சனி

எங்கள் வீட்டு வாசல் வழியாகத்தான் பாபநாசம் பஸ் போகும். இவர் ஓட்டிய தடம். இப்போது ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இவரிடம் பழகியவர்கள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தால், வீட்டைத் தாண்டும்போது ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போவார்கள். இவர் இடது கையைத் தூக்குவார். நாளுக்கு எத்தனை பஸ்ஸோ அத்தனை தடவை. மருந்து மாத்திரை எல்லாம் சும்மா. மனுஷனை உயிரோடு வைத்திருப்பது அந்த ஹாரன்தான்.

இன்றைக்கும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகப் பஸ் வளைவில் வரும்போதே நம்பரைப் படித்து, "உங்க பழைய வண்டி வருது," என்பேன். இன்றைக்கு நான் சொல்வதற்குள் பஸ் போய்விட்டது. அவர் கையைத் தூக்கிவிட்டு என் பக்கம் திரும்பினார். நான் கீரை ஆய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

குற்றாலிங்கம் போனில் சொன்னான்: "அப்பாவுக்கு ரெண்டு நாளா சுகர் கொஞ்சம் ஏறி இறங்குது. அடுத்த வாரம் நேர்ல வாரேன். சென்னை விஷயத்தையும் பேசிருவோம்."

ஜூலை 6, ஞாயிறு

இதை எழுதிவிட வேண்டும்.

துவைக்கப் போடுவதற்காக இவர் சட்டைப் பையைத் துழாவினேன். சுருட்டிய கைக்குட்டை ஒன்று இருந்தது. விரித்தால் மாத்திரைகள்! கை நிறைய. நான் கொடுத்த மாத்திரைகள்.

எனக்கு வந்த கோபம் சொல்லி முடியாது. காலையில் எழுந்து, இடுப்பு ஒடிய வேலை செய்து, நேரம் பார்த்துக் கொடுத்ததையெல்லாம் இவர் தின்னாமல் ஒளித்து வைத்திருக்கிறாரே என்று கத்தினேன். "போய்ச் சேரணும்னு இருக்கியளா? என்னைத் தனியா விட்டுட்டுப் போகணுமா?" என்று கேட்டேன். சொல்லக் கூடாத வார்த்தையும் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. இடது கையை நீட்டி அந்த இரண்டு டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார். பெருங்காய டப்பாவைத் தட்டில் கவிழ்த்தார். விரலால் தள்ளித் தள்ளி இரண்டு குவியலாக்கினார். ஒரு குவியலைத் தொட்டு, "வெ… வெள்ள," என்றார். இன்னொன்றைத் தொட்டு, "ம… மஞ்ச," என்றார்.

எனக்கு இரண்டு குவியலும் ஒரே நிறமாகத்தான் இருந்தது.

பவுடர் டப்பாவைத் திறந்து பார்த்து, அதில் கலப்பு இல்லை என்று கையை ஆட்டினார். கைக்குட்டையில் இருந்ததைக் கொட்டினார். "ம… மஞ்ச," என்றார். எல்லாம் மஞ்சளாம். ராத்திரி மாத்திரை. அன்றைக்கு டப்பா கவிழ்ந்ததிலிருந்து இந்த மனுஷன் தினம் காலையில் தட்டைப் புரட்டிப் பார்த்து, தப்பான மாத்திரையைப் பையில் போட்டுக்கொண்டு, சரியானதை என்னிடமே கேட்டு வாங்கித் தின்றிருக்கிறார். நான் அதட்ட அதட்ட.

அவரும் ஒன்றிரண்டு நாள் தூக்கக் கலக்கத்தில் பார்க்காமல் விழுங்கியிருப்பார். சுகர் ஏறி இறங்கியது அதனால்தானோ என்னவோ.

என்ன சமைத்தேன் என்று நினைவில்லை.

ஜூலை 7, திங்கள்

காலையில் செண்பகம் வந்து ஒவ்வொரு அட்டையாகப் பார்த்து, மாத்திரையைப் பிரித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். ஏன் என்று கேட்கவில்லை. அவளுக்கு எப்போதோ தெரிந்திருக்கிறது. கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் சாக்குச் சொல்லச் சாரலும் சீனாச் சரக்கும் கிடைத்தது.

பத்து மணிக்கு இவர் என்னைக் கூப்பிட்டார். கையில் சிவப்பு போன். என்னை வாசற்படியில் போய் நிற்கச் சொல்லிக் கைகாட்டினார். பிறகு தன் உள்ளங்கையால் தன் இடது கண்ணை மூடிக் காட்டி, நீயும் மூடு என்று ஜாடை செய்தார்.

லைசென்ஸ் புதுப்பிக்கப் போகும்போதெல்லாம் இவருக்கு இந்தப் பரிசோதனை உண்டு. ஒரு கண்ணை மூடு, படி, மறு கண்ணை மூடு, படி. வந்து பெருமையாகச் சொல்வார், கடைசி வரி வரைக்கும் படித்தேன் என்று.

நான் இடது கண்ணை மூடினேன். அவர் போனைத் தூக்கிப் பிடித்தார். மணி காட்டுகிற பெரிய எழுத்து. கலங்கலாகத்தான் தெரிந்தது. ஆனால் படித்துவிட்டேன்.

வலது கண்ணை மூடினேன்.

எழுத்து இல்லை. போன் இல்லை. ஒரு வெளிச்சம் மட்டும் இருந்தது. அவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரிந்தது, முகம் தெரியவில்லை. நாற்பத்தைந்து வருஷம் பார்த்த முகம்.

"கறுப்பை எடுங்க," என்றேன். கறுப்பைக் காட்டினார். அதே வெளிச்சம்தான்.

கையை எடுத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி, ஆபீசர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "பெயிலு," என்றார். திக்காமல், முழுசாக. தை மாதத்துக்குப் பிறகு அவர் வாயில் சுத்தமாக வந்த முதல் வார்த்தை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது, ஒரு பக்கத்து வாயால். சிரித்துக்கொண்டே வந்து அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். வெளியே பஸ் ஹாரன் அடித்தது. அவர் கையைத் தூக்கவில்லை. அந்தக் கை என் தலைமேல் இருந்தது.

ஜூலை 9, புதன்

இரண்டு நாள் யோசித்தேன். சொன்னால் சென்னை. வீட்டைப் பூட்டிச் சாவியைச் செண்பகத்திடம் கொடுத்துவிட்டு, ஆறாவது மாடி. ஹாரன் கிடையாது. சொல்லாமல் விட்டால் நானே ஒரு நாள் இவருக்கு எதையாவது கொடுத்துவிடுவேன்.

சாயங்காலம் ஆதிரை கூப்பிட்டாள்.

"ஆச்சி, முடிவு பண்ணிட்டீங்களா? சுரண்டை ஆச்சி எப்ப வரும் எப்ப வரும்னு கேக்கறாங்க."

"ரெண்டும் நல்ல போன்தான், ஆதிரை."

"அப்போ அந்த மூட்டம்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"மூட்டம் போன்ல இல்ல."

ஹாஸ்டல் பிள்ளைகள் சத்தத்திலிருந்து விலகி வெளியே போனாள் போல, கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "எத்தனை நாளா ஆச்சி?" என்றாள். குரல் மாறிவிட்டது.

"தெரியல. கோலம் கோணின நாள்ல இருந்தா இருக்கும்."

"நான் அப்பாகிட்ட சொல்லட்டுமா?"

"வேண்டாம். நான் பெத்தவன். நானே சொல்லுதேன்."

ஜூலை 10, வியாழன்

காலையில் சுகர் பார்த்தோம். நான் விரலில் குத்தினேன், இவர் நம்பரைப் பார்த்தார். மாத்திரையை இவர் எடுத்தார், தண்ணீரை நான் கொடுத்தேன். படத்தையும் இவர்தான் எடுத்தார். கட்டைவிரல் வரவில்லை.

பிறகு குற்றாலிங்கத்தைக் கூப்பிட்டேன். கண், டப்பா, கைக்குட்டை, பெயிலு, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "இனி நீ சொல்லுத இடத்துக்கு வாரோம்ல. ஆனா ஒண்ணு, கண்ணைச் சரி பண்ணிட்டு ஒரு மாசம் பாரு. அதுக்குப் பெறவும் எங்களால முடியலன்னா பூட்டிருவோம்," என்றேன். நான் அவனிடம் கேட்டு வாங்குவது இதுதான் முதல் தடவை.

"சனிக்கிழமை வாரேம்மா. மொதல்ல கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம்," என்றான். பூட்டுவதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை.

சிவப்பு போன் நல்ல போன். கைக்கு அடக்கம், படம் நன்றாக விழும். சுரண்டைக்கு அதைக் கொடுத்துவிடலாம். சார்ஜ் வயர் மேல் வெற்றிலைச் செல்லம் மாதிரி கனமாக எதையாவது வைக்க வேண்டும் என்று மறக்காமல் சொல்ல வேண்டும்.

கறுப்பு எனக்கு. கனம்தான். ஆனால் சத்தம் தெளிவு. போனை வைக்கிறதுக்கு முன்னால் குற்றாலிங்கம் மூக்கை உறிஞ்சிக்கொண்டது நன்றாகக் கேட்டது.